உன் தலைக்குள்ளே பார்த்துவிட்டு வந்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் கோபமும் நலமாகவே இருக்கிறது. நீ சுகமாக இருப்பதாக உன் தம்பியிடம் சொன்னாயாம், கேட்டுக்கொண்டேன். ஆயுசில் பாதியை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் சேதியை ஊராருக்குச் சேர்த்துவைத்தவள் நான். பெற்ற பெண்ணுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்த சேதி மட்டும் எனக்கு ஒரு வருடம் கழித்து வருகிறது, அதுவும் உன் ஓட்டைவாய்த் தம்பி சாப்பிடும்போது உளறியதால். அம்மா பயப்படுவாள் என்றாயாம். பயந்தேன்தான், அதற்காக மறைப்பதா?

விஷயம் தெரிந்ததும் உன் அத்தை, ராத்திரி ஈரத்தலையோட படுத்தா வராம என்ன செய்யும் என்றாள். அப்படியானால் அவளுக்கே முப்பது தடவை வந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதில் எங்களுக்குள் இரண்டு நாளாகப் பேச்சில்லை. நூலகத்தில் இருந்த புத்தகங்களை எடுத்துவந்து அகராதியோடு மல்லுக்கட்டினேன். புரியாததைக் கேட்க, நீ தம்பிக்கு அனுப்பிய ஸ்கேன் படங்களோடு அவனை இழுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போனேன். சின்னப் பெண்தான். இது யாரால வந்தது, அதைச் சொல்லுங்க என்றேன். யாராலயும் இல்லம்மா என்று சிரித்தாள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையைத் தாக்குகிறதாம். சின்ன வயதில் அனேகமாக எல்லோருக்கும் வந்துபோகும் ஒரு வைரஸ், பிறவியிலேயே கொஞ்சம் இருக்கும் உடல்வாகு, வெயில் போதாமை, புகை, இப்படிப் பலதும் சேர்ந்து வருகிறதாம், ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாதாம். நான் விடவில்லை. அவளும் இறங்கி வரவில்லை.

பிறகு படத்தைத் திரையில் போட்டாள். நீ வயிற்றில் இருந்தபோதுகூட நான் உன்னை இப்படிப் பார்த்ததில்லை, அப்போது ஸ்கேன் ஏது. சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக, உன் கணக்கும் சிரிப்பும் என்னோடு போட்ட சண்டையும் எல்லாம் அதற்குள்தான். நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள். இத்தனை இடத்திலயும் எம்பொண்ணுக்கு வலிச்சுதா என்று கேட்டேன். இல்லம்மா, கண்ணு மங்குனது ஒண்ணு, கால் மரத்தது ஒண்ணு, மத்ததெல்லாம் வந்ததே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது என்றாள். உறை உரிந்த இடத்தைத் தலை தானே கொஞ்சம் பூசிக்கொள்ளுமாம், முடியாவிட்டால் வேறு நரம்பு வழியாகச் சேதியை அனுப்பிவிடுமாம். எக்ஸ்சேஞ்சில் ஒரு லைன் அறுந்தால் வேறு ஊர் வழியாகச் சுற்றிக் கொடுப்பதற்குள் நான் போடும் கூச்சலில் கட்டடமே ஆடும். உன் தலை மூச்சுவிடாமல் அந்த வேலையைச் செய்திருக்கிறது, நீ கல்யாண வீட்டில் ஆடிக்கொண்டிருந்தபோதும் செய்திருக்கலாம். வீடு வந்தும் வெகுநேரம் என் தலையையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தை இந்தத் தடவை விட்டுவிட்டாயாம், நல்லாத்தானே இருக்கேன் என்றாயாம். நன்றாக இருப்பதே அந்த மருந்தால் இருக்கலாம் என்கிறாள் டாக்டர். இருக்கிற புள்ளியை அது அழிக்காது, புதியது வராமல் தடுக்கத்தான் பார்க்கும். திடீரென்று முற்றும்போது போடும் ஸ்டீராய்டு அப்போதைக்குத் தணிப்பதோடு சரி. சுற்றுவழிகளுக்கும் ஒரு அளவு உண்டாம். அந்த மருந்தால் சளி, காய்ச்சல் எளிதில் ஒட்டுகிறது என்று உனக்குச் சலிப்பு, அது நியாயம்தான். அதை உன் டாக்டரிடம் சொல், வேறு மருந்து உண்டா என்று கேள், நீயாக நிறுத்தாதே. என் பிடிவாதம் உனக்கும் உண்டு, அதை அந்த நோயிடம் காட்டு.

வெயிலில் கொஞ்சம் நட, கொதிக்கிற நீரில் குளிக்காதே, மாப்பிள்ளையைப் பக்கத்தில் புகை பிடிக்க விடாதே. நூறு வயது நிறைவாக இரு. மருந்துக்குத் தேதி வாங்கியதும் முதலில் என்னைக் கூப்பிடு. தம்பிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

கோபம் தீராத,
உன் அம்மா