ஆத்தாவிடம் கேட்ட விடுமுறை

ஜூன் 8, ஞாயிறு
இந்த மாதமும் வரவில்லை. மூன்றாவது மாதம்! பிள்ளையில்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் அந்தப் பயம் வேறு. ஆக, மாரியம்மனேதான். செப்டெம்பரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் மரதன் ஓட்டத்தன்று மாதவிடாய் வரக்கூடாது, அதுவரை ஒருவேளைச் சாப்பாடுதான் என்று மாசியில் நேர்ந்துகொண்டேன். போன வருடம் ஓட்டம் தொடங்கும் இடம்வரை போய்விட்டு, கறைபட்ட வெள்ளைக் காற்சட்டையைப் பையால் மறைத்துக்கொண்டு ஓடாமலே இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலை வீட்டுக்கு பஸ் ஏறியவள் நான். ஒருநாள்தான் கேட்டேன். ஆத்தா நீண்ட விடுமுறையே தந்துவிட்டாள்.

இன்று மேட்டு லயக் குடியிருப்புவரை பறந்தேன். "துவன்ன மிஸ், துவன்ன" என்று சிங்களத்தில் ஓடச் சொல்லிக் கத்தினார் த்ரீவீல்காரர். ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன்?

ஜூன் 11
தடிமன்.

ஜூலை 2
மறுபடியும் தடிமன். வகுப்பில் நான் தும்ம, பிள்ளைகள் சேர்ந்து எண்ணுகிறார்கள்.

ஜூலை 12
ஸாஹிரா வந்தாள். எங்கள் பகுதி மிட்வைப். என்னோடு சேர்ந்து ஓடுகிறவள். நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாலு மாசமா வரலையா? இத இனிப்புக் குடுக்கிற மாதிரி சொல்றீங்களே டீச்சர்."

"ஆத்தா தந்தது."

"ஆத்தா இல்ல, பட்டினி. இவ்வளவு ஓடுறீங்க, ஒருவேளை சாப்பிடுறீங்க. பத்தாதுன்னா ஒடம்பு முதல்ல அதத்தான் நிப்பாட்டும். அப்புறம் நோய எதிர்க்கிற சக்தியும் கொறஞ்சிரும். இந்தத் தடிமன் எல்லாம் சும்மாவா வருது?"

என் கணவர் தேயிலைத் தோட்டத்தில் பீல்ட் ஒபிசர். விடுவாரா? வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "காசு கொறஞ்சா தொரை செய்றதுதான். முதல்ல புதுக் கன்னு நடுறத நிப்பாட்டுவாரு. அப்புறம் காவலுக்கு இருக்கிற வாச்சர நிப்பாட்டுவாரு. அதுக்கப்புறம் தோட்டத்துக்குள்ள யாரு வேணும்னாலும் பூந்துரலாம்."

நான் சிரிக்கவில்லை. வெங்காயம் அரியும்போதுதான் சிரிப்பு வந்தது. அழுகையும். வெங்காயமா, நானா?

ஜூலை 21
இரத்தினபுரி ஆஸ்பத்திரி. இரத்தம் சோதித்தார்கள். மாதவிடாய் நிற்கும் வயது இன்னும் வரவில்லையாம், சாப்பாடு போதாததுதான். இப்படியே போனால் எலும்பும் தேயுமாம். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். "மாதவிடாய் திரும்பினால் பத்து கிலோமீட்டர் ஓடுங்க. திரும்பாட்டி இந்த வருசம் வேணாம்" என்றார் டொக்டர்.

எது வரக்கூடாது என்று நேர்ந்தேனோ, அது வந்தால்தான் ஓட்டம். இப்போது இதை ஆத்தாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஜூலை 22
கோயில் பண்டாரம் பழனியாண்டி அண்ணனிடம் கேட்டேன், நேர்த்தியை முறிக்கலாமா என்று.

"ஆத்தா எப்ப டீச்சர் பட்டினி கேட்டா? அவளுக்கே வருசா வருசம் கெடா வெட்டுறோம். பொங்க வச்சுப் படைங்க, போதும்."

வீட்டுக்கு வந்து நான்கு ரொட்டி, கட்டச்சம்பலோடு.

ஆகஸ்ட் 3
முட்டை, பருப்பு, மரவள்ளி. ஓடுவதைவிட மெல்லுவதுதான் அதிகம். "புதுக் கன்னு நட ஆரம்பிச்சாச்சா?" என்று தினமும் கேட்கிறார் இவர். இன்னும் இல்லை. ஆனால் வாச்சர் வேலைக்கு வந்துவிட்டார் போல, மூன்று வேளை சாப்பிடத் தொடங்கிய பிறகு தடிமன் இல்லை.

ஆகஸ்ட் 24
வந்துவிட்டது! வயிற்றுவலியோடு, முதுகுவலியோடு, முழுப் பரிவாரத்தோடு. சமையலறையில் ஆடினேன். ஸாஹிராவுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு கூவல்தான் கேட்டது.

அப்புறம் கலண்டரைப் பார்த்தேன். அடுத்தது, மரதன் வாரம். தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு
விடியும்போதே வந்துவிட்டது. சரியாக இன்றைக்கு! நான் சிரித்த சிரிப்பில் இவர் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

கறுப்புக் காற்சட்டை, இடுப்புப் பையில் நாப்கின், வயிற்றில் பாற்சோறு. "நடந்து முடிச்சாலும் முடிச்சதுதான்" என்றாள் ஸாஹிரா. நடக்கவில்லை. கடைசி மேட்டில் என்னைவிட மூத்த ஒரு அம்மா முந்திப் போனாள். நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். பத்து கிலோமீட்டரும் ஓடினேன்.

செப்டெம்பர் 24
தும்மல் இல்லை. ஓட்டம் முடிந்ததும் வைப்பதாக இருந்த பொங்கல்தான் இன்னும் வைக்கவில்லை. இந்த நாட்களில் கோயிலுக்குள் போகக்கூடாதே. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு இவரிடம் சொல்லியனுப்பினேன்.

பழனியாண்டி அண்ணனின் பதில்: "ஆத்தா எங்க ஓடிரப் போறா? டீச்சர மெதுவா வரச் சொல்லுங்க."