கூட்டில் நிழல் விரித்த நாரை

காசெரெஸ்,
ஜூன் 22

அன்பு மகள் ஹசிந்தாவுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்துல நல்லபடியா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிட்டு ஆரம்பிக்கிறேன். நான் இருக்கேன். அப்பாவுக்கு நெனவு திரும்பிடுச்சு, பேச்சு இன்னும் வரலை. வெயில் தாக்கிடுச்சுன்னு உன் தம்பி போன்ல சொல்லியிருப்பான், அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், மிச்சத்தை உனக்கு மட்டும் எழுதுறேன்.

இந்த வருஷம் ஜூன்லயே நாப்பத்தி நாலு டிகிரி. எதிர்வீட்டுப் புகைபோக்கி மேல இருக்கிற நாரைங்க ஓயாம அலகைத் தட்டுமே, நாலு நாளா ஒரு சத்தம் இல்லை. சிவந்த காலெல்லாம் சுண்ணாம்பு பூசினாப்பல வெள்ளை. சீக்கோன்னு பயந்து மாட்டு டாக்டர் உர்பானோகிட்ட கேட்டேன். அடப் போங்க காசில்டாம்மா, பறவைக்கு வேர்வை கிடையாது, தன் கால்மேலேயே எச்சம் போட்டு அந்த ஈரத்துல உடம்பைக் குளுத்திக்குது, உங்களை மாதிரி அதுக்கென்ன விசிறியா இருக்குன்னு சிரிச்சார். வாயைத் திறந்து தொண்டையைப் படபடன்னு அடிச்சுக்கிட்டா உள்சூடு வெளிய போகுமாம்.

வியாழக்கிழமை தக்காளிப் பாத்திக்குத் தண்ணி கட்டப் போன அப்பா ரெண்டு மணிக்குத்தான் வந்து மாடி அறை நாற்காலியில சாஞ்சார். வாய் திறந்திருந்தது, தொண்டை அதே மாதிரி படபடன்னு அடிச்சுது. தொட்டா அடுப்புச் சுவர் மாதிரி கொதிக்குது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. வெயில் தாக்கிடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு, பொய் சொல்லலை. ஆனா ஊரே மரத்திரையை இறக்கிட்டுத் தூங்கற சியஸ்தா நேரத்துல நம்ம ஊர்ல எவ கதவைத் தட்டுவா? போன வருஷம் அவர் வாயுப் பிடிப்புக்கு ஆம்புலன்சைக் கூப்பிட்டுத் தெருவே எழுந்து நின்னு சிரிச்சதே. ஊர் எழுந்துக்கற அஞ்சு மணி ஆகட்டும்னு, திரை இடுக்கு வழியா அந்தக் கூட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டேன். ஒரு நாரை சிறகை விரிச்சு நிழல் கட்டி நின்னுது, இன்னொண்ணு எங்கிருந்தோ தொண்டையில தண்ணி கொண்டாந்து குஞ்சுங்க மேல கக்கிச்சு. ஒரு குஞ்சு தலை தொங்கிப்போச்சு, செத்திருக்கணும். அதுமேலயும் ஊத்திச்சு. வந்து வந்து ஊத்திச்சு. பக்கத்துலயே ஒரு குடம் தண்ணி, என் கை எழும்பலைடி.

அஞ்சு மணிக்குத்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரமா இப்படி இருக்கார்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. அரை மணின்னேன். மூணு மணி நேரம். மயங்கிக் கிடந்தார், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சேன். இப்போ நான் டம்ளரை நீட்டினா வாயை இறுக்கி மூடிக்கிறார், நர்ஸ் நீட்டினா குடிக்கிறார்.

மாதா உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. படிச்சதும் இதைக் கிழிச்சிடு, தம்பிக்குத் தெரிய வேண்டாம். கிடைக்கிற முதல் டிக்கெட்டுல கிளம்பு, அவருக்குப் பேச்சு வர்றதுக்குள்ள வந்து சேர்ந்துடு.

உன் அம்மா,
காசில்டா