ரயில் கவரும் குடை கவரும்

சித்தூர்
9.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் பிரித்திகாவும் நலம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து, கட்டின புருஷனுக்குத் தபாலில் எழுதுகிறேன். வேறு வழி இல்லை. அறுபத்து நாலு பழைய கேசட்டில் எது உசத்தி என்று உங்கள் ரசிகர் வட்டம் ஓட்டுப் போட ஆரம்பித்த நாளிலிருந்து, நான் வாட்ஸப்பில் எழுதுவதெல்லாம் அந்தச் சண்டைக்கு அடியில் புதைந்துபோகிறது. போன் பண்ணினால் பின்னால் பாட்டு ஓடுகிறது, நீங்கள் "சரி சரி" என்கிறீர்கள். எதற்குச் சரி என்று கேட்டால் தெரியாது.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்குப் பிறகு டீச்சர்களுக்கு டிரான்ஸ்பர் கவுன்சிலிங் வந்திருக்கிறது. திருப்பதியில் தமிழ் மீடியத்தில் ஒரே ஒரு இடம் காலி. எனக்கும் இன்னொரு டீச்சருக்கும் போட்டி. புருஷன் அந்த ஊரில் அரசாங்க வேலையில் இருக்கிறார் என்று சர்டிபிகேட் கொடுத்தால் எனக்குக் கூடுதல் பாயிண்ட், இடமும் எனக்குத்தான். உங்கள் பஸ் டிப்போ மேனேஜரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஒரிஜினலை அனுப்புங்கள். 24ஆம் தேதி கடைசி நாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப்போகலாமே என்பீர்கள். தீபாவளிக்கு வந்தேனே, ஹாலில் பன்னிரண்டு பேர். இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்காதவன் ஓட்டுப் போடக்கூடாது என்று சட்டம் போட்டு, எல்லார் போனையும் அணைத்து என் அரிசி டப்பாவுக்குள் மூடி வைத்தீர்கள். அவர்களுக்கு டீ போட்டதுதான் என் தீபாவளி. பிரித்திகா கேட்கிறாள், "ம்மா, நைனா இப்ப எந்த ரவுண்டுல கீறாரு?" என்று. நான் என்ன சொல்ல?

மறந்துவிடாதீர்கள். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்.

உங்கள்
கலைவாணி


திருப்பதி
14.11.2025

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதம் வந்தது. கோபமாக எழுதினாலும் உன் கையெழுத்து அழகு. கவலையே படாதே, மேனேஜரிடம் நேற்றே கையெழுத்து வாங்கிவிட்டேன். மடங்காமல் வர வேண்டும் என்று பெரிய கவரில் தனியாக அனுப்புகிறேன். வாட்ஸப் இல்லாத வெளியூர் உறுப்பினர்களுக்குத் திங்கட்கிழமை ஓட்டுச் சீட்டு அனுப்புகிறோம், அந்தக் கவர்களோடு உன் கவரும் போகும்.

இங்கே நிலவரம் சூடு. நாலு கேசட்தான் பாக்கி. அட்டையில் ரயில் படம் போட்டிருக்குமே, நம்முடைய ரயில் கவர், அது பைனலுக்கு வந்துவிடும். எதிரில் குடை கவர் வரும் போலிருக்கிறது. குடை கவரில் முதல் பக்கம் பிரமாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருப்பிப் போட்டால் என்ன இருக்கிறது? ரயில் கவரில் இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில், வயலின் நின்றதும் பாடுகிற அந்த அம்மா ஒரு மூச்சு எடுக்கிறாரே, அதற்கே பத்து மார்க் போடலாம். நீ இருந்தால் சொல்வாய்.

பாப்பாவிடம் செமி பைனல் என்று சொல்.

அன்புடன்
கோபி


சித்தூர்
24.11.2025

மாமாவுக்கு,

உங்கள் பெரிய கவர் சனிக்கிழமை வந்தது. மடங்காமல்தான் வந்தது. பிரித்தால் "அன்புள்ள ரசிகரே" என்று ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் கேட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட ஒரு கோடு, அதற்குக் கீழே கட்டங்கள்.

உடனே போன் பண்ணினேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ஞாயிறு காலையிலிருந்து ஸ்விட்ச் ஆப். அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது என்று தெரிந்தும் சாயங்காலம் வரை விடாமல் அடித்தேன். பிரித்திகாவுக்கு ஜுரம், அவளை விட்டுவிட்டு பஸ் ஏறவும் முடியவில்லை.

இன்றைக்கு வெறும் கையோடு கவுன்சிலிங் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா நல்லவர். "மீ ஆயன சர்டிபிகேட் ஏதம்மா?", உன் வீட்டுக்காரர் சர்டிபிகேட் எங்கே என்று தெலுங்கில் கேட்டார். என் புருஷன் சர்டிபிகேட்டுக்குப் பதிலாக ஓட்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார் என்று எந்த மொழியில் சொல்வது? தபாலில் தொலைந்துவிட்டது என்றேன். உங்களுக்காகப் பொய் சொன்னேன், அதுதான் இன்னும் எரிகிறது.

கலைவாணி


திருப்பதி
28.11.2025

அன்புள்ள கலைக்கு,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. காளஹஸ்தி ரங்கையாவுக்குப் போயிருக்கிறது. கலம்காரிப் பட்டறை வைத்திருக்கிறாரே, தெலுங்குக்காரர், எழுபது வயதில் தமிழ்ப் பாட்டு மட்டுமே கேட்கிறவர். என் கை ஒடிந்துபோயிருக்கக் கூடாதா. ஒரே மாதிரி கவர், விலாசத்தை மாற்றி ஒட்டிவிட்டேன்.

முத்திரையைப் பார்த்து மனிதர் அதையே ஓட்டுச் சீட்டு என்று நினைத்துவிட்டார். பின்பக்கம் தெலுங்கில் "இந்தத் தடவை முத்திரையெல்லாம் போட்டு முறையாகச் செய்திருக்கிறீர்கள், சந்தோஷம். என் ஓட்டு குடை கவருக்கு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வேறு சீட்டில் எழுதியது செல்லுமா என்று கமிட்டியில் ஒரு மணி நேரம் பேசினோம். செல்லும் என்று முடிவானது. எனக்குப் பிடிக்காத ஓட்டுதான், ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

அடுத்த கவுன்சிலிங்குக்குப் புது சர்டிபிகேட் நானே கையில் கொண்டுவந்து தருவேன். டிசம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை பைனல். ஓட்டு எண்ணுகிறவன் நான்தான், அது மட்டும் முடியட்டும்.

மன்னித்துவிடு.

கோபி


சித்தூர்
2.12.2025

மாமாவுக்கு,

திருப்பதி இடம் அந்த இன்னொரு டீச்சருக்குப் போய்விட்டது. எனக்குப் பலமநேர் தாண்டி ஒரு ஊர் போட்டிருக்கிறார்கள். நேற்று ஜாயின் பண்ணிவிட்டேன். இந்த வாரம் இங்கிருந்து போய்வருகிறேன், சனிக்கிழமை பலமநேருக்கே வீடு மாறுகிறோம். இத்தனை நாள் இரண்டு மணி நேர தூரத்தில் இருந்தேன், இனிமேல் மூன்றரை. அடுத்த கவுன்சிலிங் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரங்கையாவின் ஓட்டு செல்லுமா என்று ஒரு மணி நேரம் பேசினீர்களாம். என் சர்டிபிகேட் செல்லுமா என்று ஐந்து நிமிஷமாவது பேசினீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. கோபமெல்லாம் போன கடிதத்தோடு தீர்ந்தது. எனக்கு அழுகை வருகிறது, அவ்வளவுதான். பாட்டின்மேல் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. அந்த அம்மா மூச்சு எடுக்கிற இடம் எனக்கும் பிடிக்கும். அதைக் கேட்கிற காதுக்கு நான் சொல்வது ஏன் கேட்கவில்லை என்றுதான் புரியவில்லை.

ஆறு வருஷம் காத்திருந்து, வீட்டுக்கு வர நான்தான் விண்ணப்பம் போட்டேன். இனி போட மாட்டேன். பலமநேரிலும் பஸ் டிப்போ இருக்கிறது. விசாரித்தேன், ஆள் தேவைப்படுகிறதாம். மனைவி இங்கே வேலை செய்கிறாள் என்று எங்கள் ஹெட்மாஸ்டரிடம் சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். தபாலை நம்பி அனுப்ப மாட்டேன். உங்கள் டிரான்ஸ்பர் மனு திங்கட்கிழமை உங்கள் டிப்போ மேனேஜர் மேஜைக்குப் போக வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பைனல் அன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

புது வீடு பலமநேர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாவு மில் சந்தில் இரண்டாவது. மத்தியானம் வரை சாப்பிடாமல் காத்திருப்போம். வந்தால் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம். வராவிட்டால் அதையே உங்கள் ஓட்டு என்று எடுத்துக்கொள்வேன். செல்லுமா செல்லாதா என்று யாரையும் கேட்க மாட்டேன்.

கலைவாணி