வாலில்லாத ஈயை அடிக்காதே

எவெலியோ,

மொந்தேமொரேலோஸ் சந்தைக்குப் போகிறேன். பீன்ஸ் அடுப்பில், தோர்த்தியா ரொட்டி துணிக்குள். ஈ மட்டையைத் தேடாதே, ஒளித்துவிட்டேன்.

எத்தனை முறைதான் சொல்வது? பழ ஈ எல்லாமே மஞ்சள் உடம்பு, வரி போட்ட இறக்கைதான். ஊசி போல் நீண்ட வால் இருந்தால் பெண். ஆரஞ்சைக் குத்தி முட்டையிடுகிறவள் அவள்தான். நேற்று நீ அடித்துக் குவித்தது அத்தனையும் வாலில்லாத ஆண்கள், அரசாங்க விமானம் தூவிவிட்டுப் போன மலட்டு ஈக்கள்! அவற்றோடு கூடிய பெண்ணின் முட்டை பொரியாது. நம் தோப்பு பிழைப்பதே அவற்றால்தான்.

சொன்னால், "மலட்டுப் பயலுகளால யாருக்குடி பிரயோஜனம்?" என்று கத்துகிறாய்.

ஓபேலியா

பி.கு: நமக்குக் குழந்தை பிறக்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் அந்த ஈக்களைக் கண்டாலே உனக்கு ஆகவில்லை. எனக்குத் தெரியாதா? எனக்கு நீ வேணும்டா, மடையா. மிச்சம் வைக்காமல் சாப்பிடு.