ஈரமில்லாத தரை

மார்ச் 4
தங்கையை விழவைத்தவள் நான்தான். அவளுக்குத் தலைவலி, என் கருவியில் பார்த்தேன், ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. நான் அதற்குப் போடுகிற நாலு மில்லிகிராம் மாத்திரையைப் பகல் பதினொரு மணிக்குக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, கைகழுவ எழுந்தவள் குளியலறை வாசலில் சரிந்தாள். இடுப்பெலும்பு முறிவு.

தரை ஈரம் என்கிறார்கள். துடைத்தது அவள் மருமகள். நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 5
ஆறு வருடமாகப் போடுகிறேனே, எனக்கு என்ன ஆயிற்று? தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே மருந்துச் சீட்டுகளைப் படித்துத் தேறியவள் நான். "டாக்டரம்மா வந்தாச்சு" என்று தங்கை கேலி செய்வாள். பிறகு எதற்கு விழுங்கினாள்? — நான் சொன்னதால்.

இன்று நான் மாத்திரையைத் தொடவில்லை.

மார்ச் 6
ஆஸ்பத்திரி நடையில் தங்கை மகன் தன் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான். "தண்ணிய வழிச்சு விடக்கூட வக்கில்லையா உனக்கு?"

"காஞ்ச பிறகுதான் அத்தை எழுந்தாங்க" என்றாள். யாரும் நம்பவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளாம்.

நான் நம்பினேன். நம்பிக்கொண்டே, அவளிடம் வெந்நீர் வாங்கிக் குடித்தேன். ச்சீ.

மார்ச் 7
தங்கை என் கையைப் பிடித்தாள். "மாத்திரை கதைய நான் சொல்லலக்கா. நீயும் சொல்லாத. அப்புறம் உன்னை எவ மதிப்பா?"

செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

மார்ச் 8
என் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவரோடு பழைய பகை. ஆறு வருடம் முன்பு இதே மாத்திரையை முதலில் ஒரு மில்லிகிராம், பிறகு இரண்டு, அப்புறம்தான் நாலு என்று இழுத்தார். "குருவிக்கா வைத்தியம் பாக்கறீங்க?" என்று அன்று கேட்டவள் நான்.

"ரத்தக்குழாயைத் தளர்த்துற மருந்தும்மா இது. பழகாத உடம்புக்கு முதல் வேளையே நாலு கொடுத்தா, எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கிடும். தலைக்கு வராது."

நாலு நாளாக நானும் போடவில்லை என்றேன். முறைத்தார். "அப்ப உங்களுக்கும் ஒண்ணுலேர்ந்துதான்."

மார்ச் 9
வார்டில் எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். தங்கை மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகள் மட்டும், "அஞ்சு நாள், பெரியத்தை" என்றாள்.

இனி நடக்க வேண்டியவை. தங்கை மகன் தன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கேட்டாயிற்று, போதாது. நர்ஸ் இந்த மருந்தின் பெயரைத் தங்கையின் சீட்டில் எழுத வேண்டும். அன்று தங்கையிடம் நான் அட்டையோடு கொடுத்துவைத்த மீதி ஒன்பது மாத்திரையை மருமகள் எடுத்து எறிய வேண்டும், நான் தொடக் கூடாது. தங்கை யார் மாத்திரையையும், முக்கியமாக என்னுடையதை, வாங்கக் கூடாது.

நான் ஒரு மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும்.