பெட்டியைத் திறந்து காட்டுகிற கடை

மச்சாள்,

காலையில் கொழும்பிலிருந்து வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். புது பிளாஸ்ரிக் மணம் மூக்கில் ஏறியதும், வாசல் பக்கம் திரும்பி உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீங்கள் கண்மூடிப் போன பிறகு வந்த முதல் பொம்மைச் சரக்கு இது. கடைசிச் சரக்கும் இதுதான் என்று உங்கள் தம்பியும் நானும் முடிவெடுத்திருந்தோம்.

"பொம்மையை விட்டிட்டு வாளி, கூடை போடுவம். அதுகளுக்கு ஒருத்தரும் விளக்கம் கேக்கமாட்டினம்," என்றார் அவர். எனக்கும் சரியென்றுதான் பட்டது. இந்தக் கடையில் விளக்கம் சொன்ன ஆள் நீங்கள். நான் பெட்டியை நீட்டிக் காசை வாங்குகிறவள்.

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்கு மூன்றே வகை: சாவிச் சாமான், இழுத்துவிடுகிற சாமான், பற்றரிச் சாமான். நிலாவெளி பஸ்ஸுக்கு அவசரப்படுகிறவர்களையும் நிறுத்திவைத்துக் கேட்பீர்கள்: "சாவி எண்டா பிள்ளை முறுக்கும், அது ஓடும். பற்றரி எண்டா அது தன்பாட்டில ஓடும், பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும். உங்கட பிள்ளைக்கு எது?" அவர்கள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஸ் போய்விடும்.

ஓட்டிக் காட்டாமல் எதையும் கொடுக்கமாட்டீர்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் மூடியைப் பிளேடால் கீறுவீர்கள். பொம்மையின் கையிலும் காலிலும் முறுக்கியிருக்கும் கம்பியை அவிழ்க்கும்போது, "பாவம், என்ன குற்றம் செய்ததெண்டு இப்பிடிக் கட்டி அனுப்பியிருக்கிறாங்கள்?" என்பீர்கள். அந்தக் கம்பிகளால்தான் வீட்டு மல்லிகைக்கொடியைக் கட்டினீர்கள். திறந்த பெட்டியைக் கொழும்பில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று நான் கத்தினால், காது கேட்காதவர் போல் இருப்பீர்கள்.

ஒருமுறை பாடும் பொம்மையை ஓட்டிக் காட்டிவிட்டு, விசையை அணைக்காமலே சுற்றிக் கொடுத்துவிட்டீர்கள். மறுநாள் அந்த அம்மா வந்து நின்றார்.

"நிலாவெளி போய்ச் சேருமட்டும் பாடினது. பஸ் முழுக்க என்னையே பாத்ததுகள்."

"பாட்டு நல்லாத்தானே இருந்தது?" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு இன்னொன்று வாங்கிப் போனார்.

இன்று பின்னேரம் சல்லி ஊரிலிருந்து ஒருவர் மகளுடன் வந்தார். பிள்ளை ஒரு சிவப்பு லொறியைக் காட்டி, "இது என்ன செய்யும்?" என்றாள். "பின்னுக்கு இழுத்துவிட்டா ஓடும்," என்றேன். "எப்பிடி?" என்றாள். அதையே இன்னொரு தரம் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. தகப்பன், "வா பிள்ளை, பிறகு பாப்பம்," என்று கையைப் பிடித்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிளேடை எடுத்துக் கீறினேன்.

நிலத்தில் வைத்து இழுத்துவிட்டதும் லொறி ஒரே பாய்ச்சலில் அலுமாரிக்கு அடியில் போய்விட்டது. பிள்ளை படுத்துக் கையை விட்டாள், எட்டவில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நானும் படுத்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தம்பி தேத்தண்ணியுடன் வந்தார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"லொறி உள்ளுக்குப் போயிட்டுது."

"அப்ப வாளி?"

"வாளியை வேற கடையில வாங்கட்டும். நான் பொம்மைதான் விக்கப்போறன்."

உங்களைப் போலக் கதைக்க எனக்கு இன்னும் வரவில்லை. பெட்டியைத் திறக்கிற கை மட்டும் வந்துவிட்டது, அதை இனி விடமாட்டேன்.

அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தில் படுத்தார். மச்சாள், நீங்கள் போன பிறகு உங்கள் தம்பி சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.