கையில் கொடுக்காத கத்தி

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகு வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

காட்டை அளக்கக் கிளம்பும்போது கிடங்கில் கோடாலி, அரிவாள், மடக்கு ரம்பம், கத்தி என்று பரப்பி வைத்துவிடுவார்கள். சுமக்க முடிந்ததை நாமே எடுத்துக்கொள்ளவேண்டும். முதல் தடவை பந்தாவாகக் கோடாலியைத் தூக்கிக்கொண்டு போனேன். சாயங்காலம் விழுந்து கிடந்த மரத்தில் ஒரு போடு போட்டேன், அது வழுக்கி பூட்ஸைக் கிழித்தது. காயம் பூட்ஸுக்கு மட்டும்தான், பயப்படாதே. "கை களைச்சிருக்கும்போது கோடாலியைத் தொடாதய்யா. கிளை வெட்ட ரம்பமே போதும்" என்றார் மேஸ்திரி. இந்த முறை மடக்கு ரம்பமும் சின்னக் கத்தியும்தான்.

நேற்று கயிறு அறுக்க அவர் கத்தி கேட்டார். பழக்கதோஷத்தில் தரையில் வைத்தேன்.

"ஏன்யா கீழ வைக்கிற?"

"கையில கொடுத்தா சண்டை வரும்னு வீட்டுல சொல்வாங்க."

விழுந்து விழுந்து சிரித்தார்.

வெங்காயம் நறுக்க உட்கார்ந்துகொண்டு "கீழ வைங்க, கீழ வைங்க" என்று நீ கத்துவாயே. கீழே வைத்தும் நமக்குள் சண்டைக்குக் குறைச்சலில்லை. இன்று இங்கே எல்லார் கையிலும் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை.

அடுப்படியில் கிடக்கும் சாணைக்கல்லை அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் நீ தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம் அதில் இருக்காது. தடித்த காலுறையும் இரண்டு ஜோடி வை.

தபால் கொண்டுபோகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தியை உன் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.

உன் வீட்டுக்காரன்